வாசிச்சிட்டு வேணாம்னு சொல்லுங்க

வேலைக்குப் போகும் ரயிலில், திருவொற்றியூரில் இறங்க வேண்டிய ஜானட், அன்று எண்ணூர் வரை போய்விட்டாள். கையில் இருந்த புத்தகம்தான் காரணம். திரும்பி வந்து கன்டெய்னர் யார்டுக்குள் நுழையும்போது நாற்பது நிமிடம் தாமதம். சூப்பர்வைசர் கத்தினார். அவள் காதில் அது பாதிதான் விழுந்தது.

புத்தகத்தின் பெயர் ‘பெயர் கூப்பிடும் நாள்’. எழுதியவள் மகிழினி. கும்மிடிப்பூண்டி பக்கத்தில் உள்ள அகதி முகாமில் இருப்பவள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து படகேறி வந்த ஒரு கர்ப்பிணிக்கு முகாமிலேயே பிறந்தவள். பத்துக்குப் பத்து அறை, நடுவில் சுவராகக் கட்டிய அம்மாவின் சேலை, இன்ஜினியரிங் படித்து முடித்தும் ‘எந்த நாட்டுப் பிரஜை’ என்ற கட்டத்தில் நின்றுபோன விண்ணப்பங்கள். எதையும் அழுது சொல்லவில்லை அவள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலச் சொல்லியிருந்தாள்.

ராயபுரத்தில் சண்முகவேலின் சைக்கிள் கடை மாடியில், மாதத்தின் முதல் ஞாயிறு வாசகர் வட்டம் கூடும். பதினான்கு பேர். வருடத்துக்கு ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து, பிரதிகள் வாங்கி, பள்ளிகளுக்கும் தொழிற்சங்க அறைகளுக்கும் கொடுப்பார்கள். அந்த மாதம் ஜானட் எழுந்து இந்தப் புத்தகத்தைப் பரிந்துரைத்தாள்.

வட்டத்தின் தலைவர் செல்வநாதன், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

“நம்ம கஷ்டமே தலைக்கு மேல கீது ஜானட்டு. ஆத்துல பவர் பிளான்ட் சாம்பல், கடல்ல எண்ணெய். அத்த யார் எழுதுனா? இதுல அவங்க கதை வேறயா?”

“அரசியல் வம்பு எதுக்கு?” என்றார் துணிக்கடை ராசையா.

“இன்னா அங்கிள், ஒரு பக்கம் கூட புரட்டல. வாசிச்சிட்டு வேணாம்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன்” என்றாள் ஜானட்.

கை தூக்கச் சொன்னார்கள். அவள் கை மட்டும்தான் உயர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டாள். மறுநாள் காலை கொருக்குப்பேட்டைக்குப் போய், வட்டத்தில் இருக்கும் பெர்சிஸிடம் கொடுத்தாள். “நாலு நாள் டைம். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிப்பேன்.” வெள்ளிக்கிழமை வாங்கினாள். அடுத்தது சண்முகவேல். அவர் கடையில் டியூப் ஒட்டிக்கொண்டே படித்ததில் முப்பதாம் பக்கத்தில் சொல்யூஷன் கறை விழுந்தது. அதற்கடுத்தது ராமசெல்வி. “அந்தப் பொண்ணு காலேஜ் ஹாஸ்டல்ல தனியா ஒரு கட்டில் கிடைச்சதுக்கு அழுவுறா பாரு, எனக்கு சோறு எறங்கல” என்று போன் செய்தாள். இப்படி மூன்று மாதத்தில் பதினோரு பேர் படித்துவிட்டார்கள். செல்வநாதனோ ஒவ்வொரு முறையும், “கண்ணு ஆபரேஷன் முடியட்டும்” என்றார். ஆபரேஷன் முடிந்தது. அதற்குப் பிறகும் வாங்கவில்லை.

“எழுதுனவங்கள இங்க கூட்டினு வா. நேர்ல கேட்டுட்டு முடிவு பண்ணலாம்” என்றார் கடைசியில்.

ஜானட் பதிப்பகத்தில் எண் வாங்கி மகிழினியை அழைத்தாள்.

“வர ஆசைதான் அக்கா. ஆனா நீங்க சொல்ற ஞாயிறு முகாம்ல செக்கிங், ஆக்கள் எல்லாம் இருக்கினமோ எண்டு பாப்பினம். பெயர் கூப்பிடேக்க நான் நிக்கோணும்” என்றாள் மகிழினி.

“செக்கிங் எத்தினி மணிக்கு முடியும்?”

“பதினொரு மணி ஆகும்.”

“அப்ப நாங்க வர்றோம். நீ வெளிய வந்தா போதும்.”

அந்த ஞாயிறு ராயபுரம் ஸ்டேஷனில் ஏழு பேர் நின்றார்கள். வண்டி வரும் நேரத்தில் செல்வநாதன் படியேறி வந்தார். வண்டியில் உட்கார்ந்ததும் ஜானட் புத்தகத்தை அவர் மடியில் வைத்தாள். மீஞ்சூர் தாண்டும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு கண்ணாடியை மாட்டினார். இறங்கும்போது இருபது பக்கம் முடித்திருந்தார்.

முகாமுக்கு வெளியே ஒரு டீக்கடை பெஞ்சில் மகிழினி காத்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். டீ வந்தது. செல்வநாதன்தான் முதலில் பேசினார்.

“ஊருக்கு எப்பம்மா திரும்பிப் போவ?”

ராமசெல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகிழினி சிரித்தாள்.

“ஐயா, பக்கம் ஐம்பத்தாறு.”

அவர் புரட்டினார். அந்தப் பக்கத்தில் மூன்றே வரிகள். ‘எப்போது திரும்பிப் போவாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். திரும்புவதற்கு ஒருமுறையாவது அங்கே இருந்திருக்க வேண்டும். நான் இந்தத் தகரக் கூரைக்குக் கீழேதான் பிறந்தேன்.’

செல்வநாதன் அந்த மூன்று வரிகளையும் இன்னொரு முறை படித்தார். டீ ஆடை கட்டியது.

“தப்பா கேட்டுட்டேம்மா. படிக்காம கேட்டுட்டேன்.”

“பரவாயில்ல ஐயா. படிச்சிட்டும் கேக்குற ஆக்கள் இருக்கினம்” என்றாள் அவள்.

அடுத்த கூட்டத்தில் பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. ராசையா கடைசிவரை தூக்கவில்லை. இன்னொருவர் வரவே இல்லை. வாங்கும் பிரதிகளுக்குள் வைக்க, முன்னுரையாக இரண்டு பக்கம் எழுதித் தருவதாகச் செல்வநாதன் சொன்னார். ‘இந்தப் புத்தகத்தைப் படிக்காமலே எதிர்த்தவன் எழுதுகிறேன்’ என்று அது தொடங்கியது.

மகிழினிக்குக் குடியுரிமை கிடைத்துவிடவில்லை. அடுத்த செக்கிங்கிலும் அவள் வரிசையில் நின்றாள்.

பிரதிகள் வந்த வாரம், யார்டில் சாப்பாட்டு நேரம். கிரேன் ஓட்டுகிற அமான் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, “எனக்குப் படிக்கிறது பேஜாரு அக்கா” என்றான்.

“நீ சாப்டு. நான் படிக்கிறேன்” என்று ஜானட் முதல் பக்கத்தைத் திறந்தாள்.