ஒழுங்காவிலிருந்து ஒரு ழு

அம்மாவின் குரல்செய்தி, ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஏறும் மாடிப்படியில் இவள் கால் வைத்தபோது வந்தது. வேலையை விட்டுவிட்டு ஆல்பம் போடப்போகிறேன் என்று இவள் சொன்ன நாளிலிருந்து அம்மா முகம்கொடுத்துப் பேசுவதில்லை. நேற்று சாயங்காலம், கடைசிப் பாட்டும் முடிந்துவிட்டது என்று ஒலிப்பதிவாளர் அனுப்பியதை, தான் கேட்பதற்கு முன்பே அம்மாவுக்குத் தட்டிவிட்டிருந்தாள். அது அம்மாவின் பாட்டு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இயந்திரத்துக்குள் திணித்துக்கொண்டே அம்மா முணுமுணுக்கிற வார்த்தைகளைத்தான் இவள் மெட்டில் போட்டிருந்தாள். இதற்காவது வாயைத் திறப்பாள் என்று ஒரு நப்பாசை. குரல்செய்தியை அமுக்கினாள்.

"கேட்டேன். நல்லாருக்கு. பாடுனது யாரு?"

குத்திக்காட்டுகிறாள் என்றுதான் முதலில் பட்டது. அம்மாவுக்கு அது கைவந்த கலை. சலவைக்கூடத்துப் பெண்கள் இவளை 'டிகிரி' என்று கூப்பிடுவதே அம்மா வைத்த பெயரால்தான். ஆனால் திரும்பக் கேட்டபோது அந்தக் குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிறாள். அது இன்னும் மோசம்.

டயர் கடைக்கு மேலே, ஜன்னலைப் பழைய மெத்தையால் அடைத்த அறை. ஒலிப்பதிவாளர் கடைகளுக்கு விளம்பரம் பதிந்து கொடுத்துப் பிழைக்கிறவர்; பேனா மூடியைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்திருந்தார். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். *தண்ணி மாறுது, துணி மாறுது, அளுக்கு மட்டும் மாறல.* அம்மா வாயில் வருகிறபடியேதான் பாடியிருந்தாள். காதில் விழுந்ததோ 'அழுக்கு'. செய்தி வாசிப்பவள் நாக்கைப்போல மடிந்து, பளபளவென்று ஒரு ழு. அடுத்த வரியிலும் அதே. அதற்கடுத்த வரியிலும்.

"அண்ணா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"க்ளீன் பண்ணேன்மா. அந்த வார்த்த வர்ற இடமெல்லாம் 'ளு'ன்னு தப்பா விழுந்திருந்துச்சு. வெளிய விட்டதும் எவனாவது கீழ வந்து எழுதுவான், தமிழே தெரியாம பாட வந்துட்டாங்கன்னு. நீங்க எம்.ஏ. தமிழ் வேற."

"எம்.ஏ. தமிழ் படிச்சவளுக்கு ழ எங்க வரணும்னு தெரியாதா?"

"தெரிஞ்சுக்கிட்டே யாராவது தப்பா பாடுவாங்களா?"

அவர் முகத்தில் நக்கல் இருந்திருந்தால் அறைந்திருப்பாள். இல்லை. உதவி செய்தவனின் முகம் அது. அந்த முகத்தை அவளுக்குக் கல்லூரியிலேயே தெரியும். முதல் வருடத்தில் விரிவுரையாளர் அவளை எழுப்பி நிறுத்தி 'கிழமை' என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தபோதும் அதே முகம்தான், உன் நல்லதுக்குத்தான்மா. வகுப்பே சிரித்தது. விடுதிக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நாக்கை வளைத்து வளைத்து, வாய் வலிக்க, அவள் அந்த எழுத்தைப் பிடித்தாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. உன் வீட்டில் என்ன வேலை செய்கிறார்கள் என்றும் கேட்கவில்லை. அந்த ழவைக் காட்டித்தான் வேலை வாங்கினாள். வீட்டுக்குப் போனால் செருப்போடு சேர்த்து அதையும் வாசலில் விட்டுவிடுவதாகத்தான் நினைத்திருந்தாள்.

"நான் பாடாத எழுத்து. எங்கருந்து புடிச்சீங்க?"

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "அன்னிக்கு மைக்க அணைக்க மறந்துட்டேன். 'ஒழுங்கா வேலை பாருங்க, இல்ல ஆள மாத்திருவேன்'னு என்னை ஒரு பிடி பிடிச்சீங்கல்ல? அந்த ஒழுங்காவுல ழு அருமையா விழுந்திருந்துச்சு. வெட்டி, இழுத்து, சுருதி சேத்து ஒட்டிட்டேன். யாரோடதோ இல்ல. உங்க சொந்த ழுதான்."

பழையதை எடுக்கச் சொன்னாள். அதன் மேலேயேதான் சேமித்தேன் என்றார். அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு நேராக இங்கே வந்து, தொண்டை கட்டிக்கொண்டிருக்க, ஒரே மூச்சில் பாடியது. போயே போய்விட்டது. இதற்கு அவனவன் காசு வாங்குகிறான் என்று அவர் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் பாடும் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். திரும்பப் பாடினால் தீர்ந்தது.

தீரவில்லை. நாக்கு தானாக மடிந்தது. மடியாமல் பிடித்தால், படித்த பெண் மேடையில் வேலைக்காரியாக நடிப்பதுபோல ஒரு 'அளுக்கு' வந்தது; அதைவிட ஆபாசமாக எதையும் அவள் கேட்டதில்லை. கோபத்தில் கத்திப் பாடினாள். கோபம் வந்தால் ழ இன்னும் சுத்தமாக வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது. "இது சூப்பர்மா. ஒட்டவே வேண்டியதில்ல."

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் வைத்து, பாட்டுத் தாள் வைக்கும் தாங்கியில் சாய்த்தாள். இயந்திரங்களின் இரைச்சல் அறை முழுக்க வந்து நின்றது.

"என்ன? வேலையில இருக்கேன்."

"அந்தப் பாட்டுல ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வருமே. அத ஒருதரம் சொல்லும்மா."

"எதுக்கு? உக்காந்து சிரிக்கவா?"

"சொல்லேன்."

அம்மா தொண்டையைச் செருமினாள். ஊசியில் நூல் கோக்கிறவளைப்போல, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "அ... ழு... க்கு."

இவள் தாங்கியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சரியா வந்துச்சா? காலையிலருந்து சொல்லிச் சொல்லிப் பாக்குறேன். இங்க இருக்கிறவளுக எல்லாம் நாக்க மடிச்சுக்கிட்டுத் திரியிறாளுக. அந்தப் பொண்ணு யாரோ, எவ்ளோ அளகா சொல்லுது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நிமிர்ந்தார். பேனா மூடி வாயிலிருந்து நழுவியது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. மைக்கை இன்றைக்கும் யாரும் அணைக்கவில்லை. அணைக்கட்டுமா என்று அவர் கையால் கேட்டார். அவள் அசையவில்லை. ஒலியலை ஓடும் திரையில், இரைச்சலின் தடித்த பட்டையிலிருந்து சின்னச் சின்ன முள்ளாக, அம்மா மறுபடியும் முயன்றுகொண்டிருந்தாள்.