பதினாறு பேரும் ஒரு அடுப்பும்

கதிரடிக்கும் மெஷின் எங்கள் பண்ணைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது, ஜூலைக் கடைசி. பதினாறு ஆட்கள், ஒன்றரை நாள் வேலை, புதன்கிழமை மத்தியானம் மூட்டை கட்டிவிடுவார்கள் என்று என் கணவன் ஓரின் அடித்துச் சொன்னான். அவன் பேச்சை நம்பித்தான் திங்கட்கிழமை முழுக்க அடுப்படியில் நின்றேன். பதினெட்டு ரொட்டி, மாவுக்கூட்டுக்குள் பழம் வைத்துச் சுட்ட ஒன்பது ஆப்பிள் பை, ஆறு கோழி, ஒரு வாளி வெள்ளரி ஊறுகாய்.

நெப்ராஸ்காவில் கோதுமை போடுகிற எந்த வீட்டுக்காரியைக் கேட்டாலும் சொல்வாள். கதிரடிப்பு ஆட்களுக்கு ஒரு நாளைக்கு ஐந்து வேளை. பொழுது விடிகிறபோதே இறைச்சியும் முட்டையும் பொரித்த உருளைக்கிழங்கும். பத்து மணிக்கு ரொட்டியும் காப்பியும் வயலுக்குப் போக வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் பெரிய சாப்பாடு. நாலு மணிக்கு மறுபடி வயல். இருட்டினதும் இன்னொரு பெரிய சாப்பாடு. இதற்கு நடுவில் எவனாவது கொல்லைப்புறக் கதவில் தலையை நீட்டி, "அம்மா, மோர் கெடைக்குமா?" என்பான்.

முதல் நாள் பக்கத்துப் பண்ணை டில்டா உதவிக்கு வந்திருந்தாள். நாங்கள் இருவரும் மேஜையைச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தோம். அப்படி ஒரு பசியை வேறு எங்கும் பார்க்க முடியாது. கோழி வைத்த தட்டு மேஜையின் இந்த முனையில் புறப்பட்டால் அந்த முனைக்குப் போவதற்குள் காலி. ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மெஷின்காரர் ஹால்வர் மீசையைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பக்கத்துல இப்படி ஒரு பை சாப்பிட்டதில்லம்மா," என்றார். டில்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை மழை பிடித்தது.

நனைந்த கதிரை அடிக்க முடியாது. காய்கிறவரை காத்திருக்க வேண்டியதுதான். பதினாறு பேரும் தொழுவத்து மச்சில் வைக்கோல்மேல் படுத்துச் சீட்டாடினார்கள். வேலை செய்யாதவனுக்குப் பசி குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. பொழுது போகாததால் கூடியது.

டில்டா மத்தியானமே தலையில் சால்வையைக் கட்டிக்கொண்டாள்.

"நான் கெளம்பறேன் வினி. அடுத்தது எங்க வீடு. நானும் ரொட்டி சுடணுமில்ல?"

"இந்தப் பாத்திரத்தையாவது கழுவிக் குடுத்துட்டுப் போயேன்டி."

"ஐயோ, மழை வலுக்குது பாரு," என்று அவள் வண்டியில் ஏறிவிட்டாள்.

வியாழக்கிழமை வெயில் வந்தது, ஆனால் கதிர் காயவில்லை. என் ரொட்டி தீர்ந்துபோயிருந்தது. மாவு பிசைந்தேன், சுட்டேன், மறுபடி பிசைந்தேன். மணி உதிர்த்த சோளக்கட்டை போட்டு எரிக்கிற அடுப்பு அது. கால் மணிக்கு ஒரு தடவை கட்டை போடாவிட்டால் அணைந்துவிடும். ஹால்வர் நல்ல மனுஷர். வாசலில் நின்றுகொண்டு, "உங்களுக்குக் கஷ்டமா இருக்குமே, பசங்கள ஊருக்கு அனுப்பிடட்டுமா?" என்று ஓரினிடம் கேட்டார். ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது. கையில் இருந்த மாவோடு அப்படியே நின்றேன். அனுப்பச் சொல், அனுப்பச் சொல் என்று மனதுக்குள் அடித்துக்கொண்டேன்.

"என்ன பேச்சுய்யா இது? எங்க வீட்டுல சோத்துக்குப் பஞ்சமா? ஒரு மாசம் வேணும்னாலும் இருங்க," என்றான் என் கணவன்.

வெள்ளிக்கிழமை ஒருவழியாக மெஷின் ஓடியது. ஒன்பது மணிக்குப் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. உள்ளே ஏதோ இரும்புச் சக்கரம் உடைந்துவிட்டதாம். ஹால்வர் ஊருக்குக் குதிரையில் போய்த் தந்தி கொடுத்துவிட்டு வந்தார். சனிக்கிழமை மத்தியான ரயிலில் புதுச் சக்கரம் வரும். அதுவரை பதினாறு பேரும் மறுபடி மச்சுக்கு. நான் மறுபடி அடுப்புக்கு. அன்றைக்கு முட்டையிடுகிற கோழிகளையே அறுக்க வேண்டியதாயிற்று. நிலவறையில் குளிர்காலத்துக்கு வைத்திருந்த உப்புக்கண்டத்திலும் பாதி போய்விட்டது. பைக்கு ஆப்பிள் இல்லை, உலர்ந்த பிளம்ஸை ஊறப்போட்டேன்.

சனிக்கிழமை காலைச் சாப்பாட்டில்தான் அது நடந்தது.

காப்பிக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். நான் நாலு நாளாக உட்கார்ந்து சாப்பிடவில்லை. நின்றபடி, மிஞ்சினதை, அதுவும் ஆறினதை. ஒரு இளவட்டம் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னான்: "டில்டாக்கா வீட்டுல போன வருஷம் டோனட் போட்டாங்க. சூடா, சர்க்கரை தூவி. ஞாபகம் இருக்கா?"

எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

"அதெல்லாம் வினியும் போடுவா," என்றான் ஓரின். "அவ சமைக்கிறதுக்குன்னே பொறந்தவ. அறுபது பேர் வந்தாலும் அலுக்காது. சிரிச்சுக்கிட்டே செய்வா. என்ன வினி?"

நான் சிரிக்கவில்லை. காப்பிக் கெண்டியை மேஜை நடுவில் வைத்தேன். ஏப்ரனை அவிழ்த்து அவன் நாற்காலி முதுகில் போட்டேன்.

"சக்கரம் வாங்க நான் ஊருக்குப் போறேன்," என்றேன்.

"நீயா? நான்தான் போறதா இருந்தேன்."

"நீ இரு. விருந்தாளிங்க இருக்காங்கல்ல."

"மத்தியானச் சாப்பாடு?"

"அடுப்பு எங்கயும் போகல ஓரின். அங்கதான் இருக்கு. கால் மணிக்கு ஒரு தடவ கட்டை போடு."

தொப்பியை எடுத்துக்கொண்டேன், முட்டை விற்ற சில்லறையை எடுத்துக்கொண்டேன், குதிரையைப் பூட்டினேன். பதினொரு மைல். பாதி வழிவரை திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். மீதிப் பாதியில் அந்த டோனட்டை நினைத்தேன்.

ரயில் இரண்டு மணி நேரம் தாமதம் என்றார்கள். நிலையத்துக்கு எதிரே ஓர் ஓட்டல். நாற்பத்தோரு வயதுவரை நான் ஓட்டலில் சாப்பிட்டதே இல்லை. தனியாக ஒரு பொம்பளை உள்ளே போவதா என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

பரிமாறுகிற பெண் வந்தாள். அல்மா என்று பெயர். சிவந்த கை, கன்னத்தில் வேர்வையோடு ஒட்டின முடி.

"என்ன கொண்டுவரட்டும்?"

"என்ன இருக்கு?"

"மாட்டிறைச்சி, கோழி."

"கோழி வேண்டாம்," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

முதலில் சூப் வந்தது. குடித்ததும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பழக்க தோஷத்தில் எழுந்துவிட்டேன். அல்மா ஓடிவந்து தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"உக்காருங்கக்கா. எங்க போறீங்க?"

"கழுவி வெச்சிடலாம்னு..."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கதிரடிப்பா?"

"அஞ்சாவது நாள்."

"கடவுளே!" என்று கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "எனக்கு தெனமும் நாப்பது பேர். பெட்டி தூக்கிக்கிட்டு ஊர் ஊரா விக்கிறவனுங்க. ஒருத்தனுக்கு சூப் உப்பு, அடுத்தவனுக்கு அதே சூப் சப்பு. ஆனா ஒண்ணு, எனக்குக் கூலி உண்டு. எட்டு மணிக்குக் கதவச் சாத்திடுவேன். நீங்க எப்பக்கா சாத்துவீங்க?"

இறைச்சி வந்தது. கொஞ்சம் கடினம்தான். அதற்குப் பின்னால் ஆப்பிள் பை. மேல்மாவு செருப்புத் தோல் மாதிரி இருந்தது, உள்ளே சர்க்கரை போதவில்லை. நான் அப்படி ஒன்றைச் சுட்டிருந்தால் பன்றிக்குப் போட்டிருப்பேன். ஆனால் அது நான் சுட்டதில்லை. ஒரு துண்டு முழுக்கத் தின்றேன், இன்னொரு துண்டு கேட்டேன். அதைச் சாப்பிடும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அல்மா பார்த்தும் பாராததுபோல் காப்பியை ஊற்றிவிட்டுப் போனாள்.

சக்கரத்தோடு வீடு திரும்பியபோது மணி ஐந்து. அடுப்படியிலிருந்து கருப்பாகப் புகை. கதவெல்லாம் திறந்து கிடந்தது. தரையெங்கும் மாவு, அதன்மேல் பூட்ஸ் தடங்கள். எனக்குக் கல்யாணத்துக்கு வந்த பெரிய சட்டி அடி கருகிப் படிக்கட்டில் கிடந்தது. பதினாறு பேரும் முற்றத்தில் தலை குனிந்து நின்றார்கள். ஓரினின் வலது கையில் வெண்ணெய் தடவிய துணிக்கட்டு.

"ஊரே சிரிக்கப்போகுது," என்று ஓரின் பாய்ந்தான். "பொண்டாட்டி வீட்ட விட்டுட்டுப் போயி..."

"அப்புறமா திட்டு ஓரின்," என்று ஹால்வர் குறுக்கே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "அம்மா, உருளைக்கிழங்கு எவ்வளவு நேரம் வேகணும்? நாங்க ஒம்பது மணியிலேர்ந்து போராடறோம். மேல கருகுது, உள்ள கல்லு மாதிரி இருக்கு."

அந்த டோனட் இளவட்டம் ஹால்வரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான்.

சிரிப்பு வந்தது, ஆனால் சிரித்தால் காரியம் கெட்டுவிடும். சக்கரத்தை ஹால்வரிடம் கொடுத்தேன். அடுப்படிக்குள் போய் ஒரு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஆறு பேர் கெழங்கு சீவுங்க. ரெண்டு பேர் தரையத் தேய்ங்க. நீ, டோனட்டு, தண்ணி எறச்சிட்டு வா. ஓரின், ஒனக்கு ஒரு கை நல்லாத்தான இருக்கு? கட்டை போடு."

ஓரின் என்னைப் பார்த்தான். பிறகு அந்தப் பதினாறு பேரையும் பார்த்தான். யாரும் அவன் பக்கம் பேசவில்லை. குனிந்து ஒரு கட்டையை எடுத்தான்.

"ஒனக்கு அலுத்துப்போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றான், அடுப்புக்குள் பார்த்தபடி.

"நீ எங்க கேட்ட?"

அவன் இன்னொரு கட்டையை உள்ளே தள்ளினான். ராத்திரி எல்லோரும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். எனக்கு அவனே நாற்காலி இழுத்துப் போட்டான். உருளைக்கிழங்கு மசியலில் தோல் கிடந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் வேலை முடிந்து மெஷின் டில்டா பண்ணைக்குப் போனது. அங்கே முதல் நாளே ஆறு பேர் அடுப்படிக்குள் போய்க் கிழங்கு சீவக் கத்தி கேட்டிருக்கிறார்கள். டில்டா துடைப்பத்தை எடுத்து விரட்டியிருக்கிறாள். "என் வீட்டு மானத்த வாங்கிட்டியேடி" என்று எனக்கு ஆள்மூலம் சொல்லியும் அனுப்பினாள். இரண்டாம் நாள் அங்கேயும் மழை. மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்து, கத்திகளைத் தானே வரிசையாக எடுத்து வைத்தாளாம்.