முட்டி இடிக்குதா?

பின் சீட்டைச் சோதிப்பதற்கு மாப்பிள்ளையிடம் ஒரு முறை இருந்தது. முதலில் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, தன் கால் நீளத்துக்கு அதை முன்னே பின்னே தள்ளி வசதி செய்துகொள்வான். பிறகு இறங்கி, அதே சீட்டுக்குப் பின்னால் போய் உட்காருவான். முழங்காலுக்கும் முன் சீட்டின் முதுகுக்கும் நடுவே கையைச் செருகிக் காட்டுவான். உள்ளங்கை முழுதாகப் போனால் அது குடும்பக் கார். விரல் மட்டும் போனால் அது குடும்பத்தைப் பிரிக்கிற கார். தனக்குப் பின்னால் தானே உட்கார்ந்து பார்க்கிறவன்தான் கார் பற்றிப் பேசலாம் என்று ஒவ்வொரு வீடியோவிலும் சொல்வான். சொல்லும்போது ஒரு பக்கமாகச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கென்றே பார்க்கிறவர்கள் இருந்தார்கள்.

இந்த முறை ஒரே காரின் மூன்று தலைமுறைகளை வரிசையாக நிறுத்திப் பார்ப்பதாக ஏற்பாடு. நடுத்தர அளவு, நாலு கதவு, பின்னால் டிக்கி. கல்யாணமான மறுவருஷம் எல்லோரும் விலை விசாரிக்கிற ரகம். புதுசை ஷோரூமில் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தையதைப் பழைய கார் விற்கும் தெரிந்தவர் தந்தார். முதல் தலைமுறைக் காருக்கு எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. அது மாமனார் வீட்டு வாசலிலேயே நின்றது.

மாமனார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவர். எதிரில் நிற்பவரை அசையாமல் நிறுத்தியே காலம் தள்ளியவர் என்பதால், அவரும் அதிகம் அசையமாட்டார், பேச்சும் அளவுதான். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் காரைப் பற்றிப் பேசினார். குழந்தை வந்த பிறகு உங்களுக்குத் தேவைப்படும், எனக்கு இனிமேல் எங்கே போக இருக்கிறது என்றார். பேசிக்கொண்டே கார் கதவின் விளிம்பைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"நீங்க நாலு கார் பாத்தவரு. ஓட்டிப் பாருங்க. நல்லா இருந்தா வச்சுக்கங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன்."

இதைவிடச் சுலபமாக ஒரு மனிதர் கேட்க முடியாது. மாப்பிள்ளைக்கு அந்தக் கார் வேண்டாம். ஊருக்கெல்லாம் கார் பரிந்துரைக்கிறவன் மாமனாரின் பழைய வண்டியிலிருந்து இறங்கினால் யார் மதிப்பார்கள் என்பது அவன் கவலை. ஆனால் மனைவிக்கு அந்த வண்டி என்றால் உயிர். அதில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஆகவே இல்லை என்று சொல்ல வேண்டிய வாய், "சூப்பர் வண்டி மாமா, வீடியோல போட்டுப் பாத்துடலாம்" என்றது. மாமனார் அதை அப்படியே நம்பினார். படப்பிடிப்புக்கு முந்தின நாள் காரை அவரே கழுவி, டயரின் பக்கங்களைக்கூடத் துணியால் தேய்த்துக் கறுப்பாக்கி வைத்திருந்தார். நடைப்பயிற்சி நண்பர்களிடமும் சொல்லியாகிவிட்டது, மாப்பிள்ளை வீடியோவில் நம்ம வண்டி வரப்போகிறது என்று.

ஊருக்கு வெளியே கூட்டமில்லாத ஒரு சாலையில் மூன்று கார்களையும் நிறுத்தினார்கள். கேமராவைப் பார்த்துக்கொள்கிறவனை எல்லோரும் முக்காலி என்றே கூப்பிடுவார்கள். கேமரா வைக்கும் முக்காலியைத் தோளிலிருந்து இறக்கி யாரும் பார்த்ததில்லை. மாமனாரிடம் உரிமையாளர் என்ற முறையில் இரண்டு கேள்வி கேட்பதாகத் திட்டம் இருந்ததால் அவர் சட்டையிலும் ஒரு சின்ன மைக் மாட்டப்பட்டது. ஒருமுறை மைக்கைத் திறக்க மறந்து ஒரு நாள் வேலை முழுவதும் ஊமையாகிப் போனதிலிருந்து, காலையில் திறந்தால் மாலைவரை அதை மூடுவதில்லை என்று இவர்களுக்குள் ஒரு வழக்கம்.

புதுக் காரில் ஆரம்பித்தான். கதவு சாத்தும் சத்தம் தலையணையில் குத்தியது போல இருந்தது, திரை பெரிதாக இருந்தது, ஆனால் கூரையைத் தாழ்த்தி அழகு பண்ணியதில் பின்னால் தலை தட்டியது. நடுத் தலைமுறை எல்லாவற்றிலும் சுமார், ஆகவே வாங்கத் தகுந்தது. முதல் தலைமுறையில் ஏறி உட்கார்ந்ததும் அவனுக்கே ஆச்சரியம். கண்ணாடியைத் தாங்கும் தூண்கள் மெல்லிசாக இருந்ததால் நாலு பக்கமும் சாலை தெரிந்தது. ஏசி வைக்கத் திரையைத் தடவ வேண்டாம், குமிழைத் திருகினால் போதும். மூன்றிலும் பயமில்லாமல் ஓட்டக்கூடியது இதுதான் என்று ஒரு நொடி தோன்றவும் செய்தது. ஆனால் அதைச் சொன்னால் யார் சிரிப்பார்கள்? சீட்டில் விரித்திருந்த துண்டையும் ஸ்டார்ட் ஆகும்போது வந்த இருமலையும் கேலிக்குப் பிடித்துக்கொண்டான்.

டேக் முடிந்தது. முக்காலி கண்ணாடியைத் துடைக்க ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். மாமனார் கண்ணில் படவில்லை. தண்ணீர் எடுக்கப் போயிருப்பார் என்று மாப்பிள்ளை நினைத்தான். கேமரா இல்லாதபோது வரும் அந்த இன்னொரு குரலில் பேசினான்.

"வண்டியும் மாமனார் மாதிரியேதான்டா. நாலு தடவை இருமிட்டுத்தான் எழுந்திரிக்கும். குப்பைல போட மனசு வரல மனுஷனுக்கு. அதான் பொண்ணு வீட்டு வாசல்ல கொண்டு வந்து போடறாரு."

முக்காலி விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டு, சத்தம் சரியாக வருகிறதா பார்க்கிறேன் என்று, ஒலிப்பதிவுப் பெட்டி வைத்திருந்த மரத்தடிப் பக்கம் ஓடினான். மாப்பிள்ளை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு மாமனார் வந்தார். சீட்டில் விரித்திருந்த துண்டை எடுத்து மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். வண்டி பார்ப்பதற்கு இப்படி இருந்தால்தான் நன்றாக இருக்கும் என்றார். பின் சீட்டில் உட்காரச் சொன்னபோது உட்கார்ந்தார். முழங்கால் முன் சீட்டில் முட்டியது. "பரவாயில்லயா மாமா?" என்றதற்கு, "எனக்கென்ன, உக்காந்து பழக்கம்தான்" என்றார். கேள்வி கேட்கும் முறை வந்தபோதுதான் மாப்பிள்ளைக்கு எரிச்சல். வாரம் முழுக்க மனிதர் ஒத்திகை பார்த்ததாக மனைவி சொல்லியிருந்தாள். முதல் நாள் காரில் யார் யார் போனோம், மகளுக்குப் பரீட்சையன்று மழையில் எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்றெல்லாம் சொல்லப்போகிறாராம். கேமரா முன்னால் நின்றவர், "ஓடுது. இன்னும் ஓடுது" என்பதோடு நிறுத்திக்கொண்டார். எவ்வளவு தூண்டியும் அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை.

மறுநாள் மகளுக்குப் போன் செய்து, காரை யாரோ கேட்கிறார்கள், விற்றுவிடலாம் என்றிருக்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வார்களாம். மனைவி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு என்ன ஆயிற்று, நமக்குத்தானே தருகிறேன் என்றார் என்று புலம்பினாள். மாப்பிள்ளை அவளைச் சமாதானம் செய்தான். உள்ளூர அவனுக்குப் பரம நிம்மதி. பாம்பும் சாகவில்லை, கம்பும் உடையவில்லை, பாம்பு தானாகவே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான்.

ஞாயிறு மதியம் வீடியோவை வெட்டி ஒட்ட உட்கார்ந்தான். அடுத்த அறையில் மனைவி பிறக்கப்போகும் குழந்தைக்குப் பழைய புடவையில் துணிகள் கிழித்துக்கொண்டிருந்தாள். தன் மைக்கின் ஒலியை ஓடவிட்டபோது அந்த இருமல் பேச்சு வந்தது. சொல்லத்தான் வெட்கம், கேட்டுவிட்டு அவனே ஒருமுறை சிரித்துக்கொண்டான். இன்னொரு வீடியோவில் வேறு மாமனாருக்குப் பயன்படும் என்றுகூடத் தோன்றியது. பிறகு பேட்டிப் பகுதியைத் தேடி மாமனார் மைக்கின் ஒலியைத் திறந்தான். திரையில் நேரத்தைக் காட்டும் கோடு கை தவறி அதே இருமல் பேச்சு வந்த இடத்தில் போய் நின்றது.

இலைகள் உரசும் சத்தம். ஒரு காக்கை. அப்புறம் மிக மெல்லியதாக, ஒரு டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல, அவனுடைய குரலே கேட்டது. நாலு தடவை இருமிட்டு. குப்பைல போட மனசு வரல. காரில் பேசியது மரத்தடி மைக்கில் எப்படி வந்தது என்று முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் மாமனார் ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். முக்காலி மரியாதைக்காக ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, ஒலி சரியாக வருகிறதா பாருங்கள் என்று உட்கார வைத்திருக்கிறான். அவர் தண்ணீர் எடுக்கப் போகவே இல்லை. மாப்பிள்ளையின் குரல் நேராக அவர் காதில் விழுந்து, அங்கிருந்து கசிந்து, அவர் சட்டையில் இருந்த மைக்கில் பதிவாகியிருக்கிறது.

அந்த மைக்கில் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. வெளியே விடும் சத்தம் வரவில்லை. காலமெல்லாம் மற்றவர்களை மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்ன மனிதர், தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முக்காலி ஓடிவரும் காலடி கேட்டது. அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"சார்... சத்தம் சரியா வருதுங்களா?"

"நல்லா வருதுப்பா. தெளிவா இருக்கு." ஹெட்போனைக் கழற்றும் சத்தம். "மாப்ளகிட்ட ஒண்ணும் சொல்லாத. சங்கடப்படுவாரு. வேலை கெட்டுடும்."

மாப்பிள்ளை ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான். காது மடல்கள் கொதித்தன. துண்டை மடித்து எடுத்தது, முட்டி இடிக்க உட்கார்ந்தது, பேட்டியில் வாயைத் திறக்காதது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இல்லையென்று சொல்லிவிடுங்கள் என்று அவரே வாசலைத் திறந்து விட்டிருந்தார்; இவன் சுவரேறிக் குதித்திருக்கிறான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எப்போதோ வாய் தவறியது என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் மறுபடியும் கேட்டுச் சிரித்தவன் அவன்தானே.

என்ன ஆச்சு, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று மனைவி கதவருகே வந்து கேட்டாள். கையில் கிழித்த புடவைத் துணி. ஒன்றுமில்லை, ஒலியில் ஏதோ கோளாறு என்றான். உன் அப்பா வீடுவரை போய்விட்டு வருகிறேன் என்று அவள் முகத்தைப் பார்க்காமலே கிளம்பினான்.

போனபோது மாமனார் காரைக் காலி செய்துகொண்டிருந்தார். ஜாக்கி, ஸ்பேனர், குடை, பழைய உறை எல்லாம் முன் சீட்டில் குவிந்து கிடந்தன. வாங்குகிறவர்கள் இன்னும் கொஞ்ச நேரத்தில் வருவார்கள் என்றார். என்ன விஷயம் என்று கேட்கவில்லை; வாங்க மாப்ள என்றார், எப்போதும் போல. அந்த எப்போதும் போலதான் மாப்பிள்ளையால் தாங்க முடியாததாக இருந்தது. திட்டினால் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தான்.

"விக்க வேண்டாம் மாமா. நாங்களே வச்சுக்கறோம்."

மாமனார் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்தார். துடைத்து மற்ற சாமான்களோடு வைத்தார்.

"கேட்டுட்டீங்களா?"

மாப்பிள்ளை தலையாட்டினான். அவர் சாவியை எடுத்தார். கடைசியாக ஒரு சுற்றுப் போய்விட்டு வரலாம், கொடுப்பதற்கு முன்னால் என்ஜின் சூடாகட்டும் என்றார். முன்னால் சாமான் இருக்கிறது, இந்தப் பக்கம் பின்னால் ஏறிக்கொள்ளுங்கள் என்றார். ஓட்டுநர் சீட்டுக்கு நேர் பின்னால் அவன் உட்கார்ந்தான். அவனும் நெட்டை, அவரும் நெட்டை. முழங்கால் சீட்டின் முதுகில் போய் அழுத்தி நின்றது.

வண்டி நாலு முறை இருமிவிட்டுக் கிளம்பியது. இருமலை இருவரும் கேட்டார்கள். மாப்பிள்ளைக்குக் கதவைத் திறந்து கீழே குதித்துவிடலாம் போலிருந்தது.

"மாமா, அன்னிக்கு நான் பேசினது..."

"நேரா சொல்லிருக்கலாம் மாப்ள. இருமுதுன்னு என்கிட்டயே சொல்லிருந்தா நானும் சேந்து சிரிச்சிருப்பேன்." தெருமுனையில் திரும்பினார். "அவகிட்ட நான் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

மனைவியிடம் சொல்லி அழுது தீர்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்த ஒரு வழியும் அத்தோடு அடைபட்டது. இனி இதைச் சுமக்க வேண்டியவன் அவன் மட்டும்தான். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவர் கண்கள் தெரிந்தன. கோபம் இருக்கிறதா என்று தேடினான். அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே, அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டி இடிக்குதா?"

"இல்ல மாமா."

அவர் காரை ஓரமாக நிறுத்தினார். குனிந்து, சீட்டுக்கு அடியிலிருந்த கம்பியை இழுத்துச் சீட்டை ஒரு பல் முன்னால் தள்ளினார். கண்ணாடியில் பார்த்தார். இன்னொரு பல் தள்ளினார். போதும் மாமா, போதும் என்று மாப்பிள்ளை சொல்வதற்குள் மறுபடி ஒரு பல். இப்போது அவன் முழங்காலுக்கு முன்னால் உள்ளங்கை முழுதாகப் போகும் அளவுக்கு இடம் இருந்தது. அந்த இடத்தைப் பார்க்க முடியாமல் அவன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான். முன்னால் ஸ்டியரிங் மாமனாரின் சட்டைப் பொத்தானைத் தொட்டுக்கொண்டிருந்தது. முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, வண்டியை மெல்லத் திருப்பி, வாங்குகிறவர்கள் காத்திருக்கும் வாசலை நோக்கி அவர் ஓட்டிக்கொண்டு போனார்.