வள்ளக்காரன் மாட்டிய சீல்

ஜீப்பின் வலப்பக்கச் சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றியதும் முதலில் வெளியே வந்தது எண்ணெய். அடுத்து வந்தது மரியஜானின் வாயிலிருந்து ஒரு வார்த்தை. கோயில் மணி கேட்கும் தூரத்தில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. குளோரி சிலுவை போட்டுக்கொண்டாள். போட்ட கையோடு புருஷனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பிரேக் கட்டை இரண்டும் பொரிக்கப் போட்ட சாளை மாதிரி எண்ணெயில் ஊறிக் கிடந்தன.

"போன வாரந்தானே புது பேரிங்கும், ஒழுக்கு அடைக்கப் புது சீலும் போட்டேன்," என்றான் மரியஜான். "எளவு, பின்னயும் ஒழுகுது."

யுத்தம் முடிந்து பட்டாளம் ஏலத்தில் விட்ட ஜீப் அது. கை மாறிக் கை மாறி மணக்குடிக்கு வந்து சேர்ந்தபோது பச்சைப் பெயிண்டும் அரைகுறையாக ஒரு வெள்ளை நட்சத்திரமும்தான் பட்டாளத்தைச் சேர்ந்தவையாக மிஞ்சியிருந்தன. அதை வாங்க வைத்தவள் குளோரி. பெண்கள் தலைச்சுமையாகக் கொட்டாரம் சந்தைக்குக் கொண்டுபோகிற மீனை வண்டியில் கொண்டுபோகலாம் என்பது அவள் ஊருக்குச் சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. போன ஆனி மாதம் வள்ளம் கவிழ்ந்து, மரியஜான் ஒரு பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மறுநாள்தான் கரையேறினான். அந்தக் கதையை அவன் கையைக் காலை ஆட்டி, நீந்திக் காட்டி, ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். அவளால் ஒரு தடவைகூட அவனோடு சேர்ந்து சிரிக்க முடிந்ததில்லை.

நேற்று சுசீந்திரம் வளைவில் பிரேக் பிடிக்காமல் ஜீப் நேராக வயலுக்குள் இறங்கிவிட்டது. ஆளுக்கு ஒன்றுமில்லை. ஒரு கடவப் பெட்டி மீன் மட்டும் நாற்றங்காலில் கொட்டியது. வயல்காரர் வரப்பில் நின்றபடி, "கொள்ளாம், இந்தப் பூவுக்கு வளம் போடாண்டாம்," என்று இந்தப் போகத்து உரச் செலவு மிச்சமானவர்போலச் சிரித்தார். மரியஜானுக்கு அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டான்.

"இன்னும் ஒருக்கச் செரியாக்கிப் பாப்பேன். பின்னயும் ஒழுகிச்சுன்னா இந்தச் சனியனை இரும்புக்குப் போட்டுட்டுத் திங்கக்கிழமை செல்வனுக்க வள்ளத்துல ஏறிருவேன். அவனுக்கு ஒரு ஆளு கொறவு."

மார்த்தாண்டத்தில் ரசலையனின் உதிரிபாகக் கடையில் வாங்கிய சீல் இரண்டில் ஒன்று மிச்சமிருந்தது. இதை மாட்ட ஆள் அனுப்புகிறேன் என்று ரசலையன் அன்றைக்கே சொன்னார். வள்ளத்துக்கே ஓட்டை அடைத்தவன் நான் என்று மார்தட்டிவிட்டு வந்தவன் மரியஜான். இப்போது அந்த மிச்சச் சீலை எடுத்து, அது உட்காரும் குழியில் வைத்து, மேலே ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, சுத்தியலை ஓங்கினான்.

இரும்பு வளையம். அதற்குள் தோலில் செய்த உதடு, ஒரு பக்கமாக மடிந்து நின்றது. குளோரி அதையே பார்த்தாள்.

"இஞ்சேரும், நில்லும். அந்தத் தோலு எந்தப் பக்கம் பாக்குது?"

"வெளிய. பின்ன எங்க பாக்கணும்?"

"வெளிய என்னத்துக்கு?"

"ஏட்டி, தண்ணி எங்கேருந்து வருது? வெளிய இருந்துல்லா. ஜீப்பு ஓடுதது அலைவாய்க்கரையில. வாறதை வாசல்ல நின்னு மறிக்கணும்."

பால்குடி மறந்த நாளிலிருந்து கயிறு போட்டுத் தைத்த வள்ளத்தில் வளர்ந்தவன். ஒழுகுவது என்றால் கடல் உள்ளே வருவது. வேறு ஒழுகலை அவன் கண்டதில்லை. குளோரி கண்டதெல்லாம் மறுபக்கத்து ஒழுகல். தலையில் கடவத்தோடு கொட்டாரம் போய்ச் சேருவதற்குள் மீன்தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி முதுகெல்லாம் நாறிப்போகும். அவள் வீட்டை ஒட்டிய சாய்ப்புக்குள் போய்த் தன் பழைய கடவத்தை எடுத்துவந்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். உள்ளே கமுகம்பாளை போட்டு, அதன் ஓரத்தை உள்பக்கமாக நிமிர்த்திவிட்டிருந்தாள்.

"மீனுக்க கனத்துல பாளை கடவத்துக்க ஓரத்தோட ஒட்டி அமுங்கும். ஒரு சொட்டு எறங்காது. இதையே கமத்திப் போட்டேன்னா சட்டை நனைஞ்சிரும். ஒமக்கு உள்ள வாற தண்ணிதான் தெரியும். இது வெளிய போற எண்ணெ. உள்ள பாத்துல்லா நிக்கணும்?"

மரியஜான் சீலைத் திருப்பினான். பிறகு பழையபடியே திருப்பினான். கடவத்தைப் பார்த்தான். மூன்றாவது முறையாகத் திருப்பிக் கட்டையை வைத்து மெல்லத் தட்டினான்.

"ரசலையன் இதைச் சொல்லலியே."

"சொல்ல விட்டீரா அவரை?"

பிரேக் கட்டைகளை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் காயவைத்து மாட்டினார்கள். மரியஜான் பேரிங்குக்குக் கிரீஸை அப்பி, டிரம்மை ஏற்றி, சக்கரம் இறுகும்வரை நட்டை முறுக்கி, பிறகு ஒரு மயிரிழை தளர்த்தினான். சாயங்காலம் கொட்டாரம்வரை ஓட்டிப்போனார்கள். சுசீந்திரம் வளைவில் வண்டி சொன்ன இடத்தில் நின்றது. வரப்பில் நின்ற வயல்காரருக்கு முகம் வாடியதுபோலத்தான் குளோரிக்குப் பட்டது. வீட்டுக்கு வந்து சக்கரத்தின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவினாள். வெறும் புழுதி. அவள் சந்தோஷத்தில் அந்த விரலை அவன் மூக்கில் துடைத்தாள்.

ஆனால் செல்வனின் வள்ளத்தில் போகவில்லை என்று அவன் வாயால் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து செல்வனோடு வெகுநேரம் பேசிக்கொண்டு நின்றான். கடலுக்குப் போறீரா என்று ஆணிடம் கேட்பது அந்தக் கரையில் ஆகாது. கேட்டால் போன காரியம் விளங்காது என்பார்கள். இந்த வழக்கத்தைக் கட்டிவைத்தவர்களைக் குளோரி அன்று முழுக்க மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

திங்கள் விடியலில் கண் விழித்தபோது பாய் காலியாக இருந்தது. முன்வாசல் வழியாக அப்படியே கரைக்கு ஓடினாள். செல்வனின் வள்ளம் அலையைத் தாண்டிவிட்டிருந்தது. துடுப்புப் போடுகிறவர்களில் ஒரு அகன்ற முதுகு தெரிந்தது. அவனேதான் என்று ஒரு கணமும், இல்லை என்று மறுகணமும் தோன்றியது. மாதாவே, நல்லபடியாத் திருப்பிக் கொண்டாரும் என்று வேண்டிக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து வீட்டுக்கு நடந்தாள். அழுகை நிற்கவேயில்லை.

வீட்டை நெருங்கியபோதுதான், புறவாசலில் இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம் கேட்டது.

ஜீப்பின் இடப்பக்கம் ஜாக்கியில் நின்றது. சக்கரம் தென்னையில் சாய்ந்திருந்தது. அடியிலிருந்து மணல் அப்பிய இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"இதை என்னத்துக்குக் கழத்துதீரு? இந்தப் பக்கம் நல்லாத்தானே இருந்து!"

"நல்லாத்தான் இருந்து," என்றது அடியிலிருந்து குரல். "எப்பிடி நல்லாருக்குன்னு பாக்காண்டாமா? கழத்தையில சீலு கிழிஞ்சு போச்சு. மார்த்தாண்டம் போவணும்."

"கரையில மீனு வந்து குவியப்போவுது. நீரு வண்டியப் பிரிச்சுப் போட்டுட்டுக் கெடக்கீரு! மனுசனா நீரு?"

நாலு வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினாள். கத்தக் கத்தச் சிரிப்பு வந்தது.

"ஏட்டி, அந்த ஸ்பேனரை எடு."

கிரீஸ் படிந்த ஒரு கை ஜீப்பின் அடியிலிருந்து நீண்டு மணலைத் துழாவியது. ஸ்பேனர் அவள் காலடியில்தான் கிடந்தது. குளோரி அதை எடுக்காமல், துழாவுகிற அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.