பாக்கெட்டில் சிரிக்கிற முகம்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் பேச்சியம்மாளின் நாட்டு மருந்துக் கடை இருக்கிறதே, அதற்குள்ளிருந்து வெளியே வர ஒரே வழிதான். மேசைப் பலகையைத் தூக்க வேண்டும். அந்தப் பலகை மேல் எந்நேரமும் பேச்சியம்மாளின் முழங்கை. பின்பக்கம் ஒரு குழாய், ஒரு வாளி, அப்புறம் சுவர். மூட்டைகளுக்கு நடுவே ஒரு முக்காலி. கடை திறந்ததிலிருந்து சாத்துகிற வரைக்கும் மருமகள் ஜெயபாரதிக்கு அதுதான் இடம்.

அவளுக்கு என்ன வேலை என்றால், முகம் காட்டுகிற வேலை. குளியல் பொடி பாக்கெட்டில் சிரிப்பது அவள் படம். வாங்க வந்தவர்கள் கொஞ்சம் தயங்கினால் போதும், "ஏட்டி, போட்டுக் காட்டு" என்பாள் மாமியார். பொடியைக் குழைத்துக் கன்னத்தில் பூசிக் காட்ட வேண்டும்.

அந்தக் கன்னம் வெந்துபோய் மாதக்கணக்காகிறது. அடையாறு டாக்டர் பொடியில் சேர்கிற ஒவ்வொரு சரக்காக முதுகில் ஒட்டிப் பார்த்து, கடைசியில் கோஷ்டம் என்கிற வேரைக் கண்டுபிடித்தார். "வாசனைக்குச் சேர்க்கறது. எல்லாருக்கும் ஒண்ணும் பண்ணாது. உங்களுக்கு ஆகலை, இனிமேயும் ஆகாது. வேர்தானேன்னு விட்டுடாதீங்கம்மா."

புருஷன் அய்யாதுரையிடம் சொன்னாள். "பாக்கெட் பூரா உன் மூஞ்சிதான் இருக்கு. அம்மாட்ட எப்படிச் சொல்ல?" என்றுவிட்டு அவன் மூட்டை இறக்கப் போய்விட்டான். அன்றிலிருந்து கன்னத்தில் வாஸ்லைனைக் கெட்டியாக அப்பி, புண் தெரியாமல் கலர் க்ரீம் பூசி, அதற்கு மேல்தான் பொடி. பொடி தோலைத் தொடாது. அவளும் வாயைத் திறக்க மாட்டாள்.

இப்படியிருக்கையில் ஒரு நாள் நொச்சிக்குப்பத்து லூர்துமேரி, மீன் விற்றுவிட்டு ஐஸ் பெட்டியோடு நேரே வந்து நின்றாள்.

"இன்னாம்மா பொடி குடுத்த? எம்பொண்ணு டயானாவுக்குக் காதாண்ட, கழுத்தாண்ட ஒரே அரிப்பு. ஞாயித்துக்கெயம கல்யாணம் கீது!"

பேச்சியம்மாள் அசரவில்லை. "அரிச்சா நல்லதுல்லா! உள்ள கெடக்க அழுக்கு வெளிய வருது. இன்னும் ரெண்டு பங்கு போட்டு ஊற விடு, தங்கமா ஜொலிப்பா."

"நெஜமாவா?"

"எம்மருமவளப் பாரு. அவ மூஞ்சியில ஒரு மரு உண்டா? ஏட்டி, போட்டுக் காட்டு."

லூர்துமேரி முக்காலிப் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு கண்ணு. போடலாமா?"

ஜெயபாரதி மாமியாரைப் பார்த்தாள். சொல்லிவிட்டு எங்கே போவது? ராத்திரி இதே அம்மாள் கையால்தான் சோறு. முழங்கை பலகை மேல் அசையாமல் இருந்தது. சொல்லாவிட்டாலோ, ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் அந்தப் பெண்ணின் முகம் தன் கன்னம் மாதிரி ஆகிவிடும்.

"மூஞ்சி கழுவிட்டு வாரேன் அத்தை."

"அதான் புத்தி. நல்லாக் கழுவு."

வாஸ்லைன் போகிற வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். திரும்பி வந்து டியூப் லைட்டுக்கு நேர் கீழே நின்றாள். கன்னம் முழுக்கச் செக்கச்செவேல் என்று தோலுரிந்து, ஓரத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. யாரும் பேசுவதற்குள் பொடியைக் குழைத்து அதன் மேலேயே பூசினாள். மிளகாயை அரைத்து வைத்த மாதிரி எரிந்தது. கண்ணீர் தானாகக் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயோ மாதாவே! கழுவுடி, கழுவு!" லூர்துமேரி மேசையில் இருந்த செம்புத் தண்ணீரை எடுத்துத் தானே கழுவிவிட்டாள். பெட்டியிலிருந்து ஐஸை அள்ளி, துண்டில் சுற்றி அவள் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். மீன் வாடை அடித்தது. ஆனால் எவ்வளவு சுகம்! "இத்தையா எம்பொண்ணுக்கு ரெண்டு பங்கு போடச் சொன்ன? நல்லா இருப்பியா நீ?" என்று பேச்சியம்மாளைக் கேட்டுவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே நடந்தாள். "ஏய் டயானா, அந்தப் பொடியத் தொடாதடி! தூக்கிக் கடாசு!"

லூர்துமேரி கோயில் பக்கம் திரும்பிப் போனதும் பேச்சியம்மாள் மேசையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"அவ முன்னால கழுவுன்னு சொன்னா, நெசமாவே கழுவிருவியா? நீ தெனமும் அப்புறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? போ, இன்னும் கெட்டியாத் தடவிட்டு வந்து உக்காரு."

ஜெயபாரதி அவளையே பார்த்தாள். அப்படியானால் இத்தனை நாளும் தெரிந்துதானா?

முழங்கை திரும்பப் பலகை மேல் ஏறியது. வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ஜெயபாரதி குழாய்ப் பக்கம் போகவில்லை. முக்காலியைத் தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, ஒன்றும் பூசாத முகத்தோடு உட்கார்ந்தாள்.