வெளிச்சம் பார்க்க நின்றவள்

வாகட் என்ற புறநகரில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் ரவிசந்திரன், கோயம்புத்தூர்க்காரர். மரியாதை நாக்கில் வழுக்கும், அதற்குக் கீழே இறங்காது.

"ஏனுங்க ப்ரீத்தி, லைட் செட் பண்ண யாராவது நிக்கணும்னீங்களே? ரெசிடென்ட்ஸ அதுக்கெல்லாம் நிக்க வெக்க முடியாதுங்க. பாத்திரம் கழுவற அந்தம்மா கீழ இருக்காங்க, அவங்கள நிறுத்திக்குங்க. பத்து மணிக்கு ஃபேமிலியெல்லாம் போட்டோவுக்கு வந்துருவாங்க."

அந்தம்மா என் அம்மா, வேதநாயகி. ஏழு வருஷமாக ஏரவாடாவிலிருந்து பஸ் பிடித்து வந்து இங்கே நாலு வீட்டில் வேலை செய்கிறாள். அவள் என் அம்மா என்பது செயலாளருக்குத் தெரியாது. இன்ஸ்டாகிராமில் நான் எடுத்த போட்டோக்களைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டவர் அவர்.

"நான் உன் அம்மான்னு மூச்சு உடாத. இத நல்லபடியா முடிச்சா மூணு டவர் போட்டோ வேலையும் உனக்குத்தான்" என்று அம்மா காலையில் பஸ்ஸிலேயே சொல்லி வைத்திருந்தாள். எனக்கும் அந்த வேலை வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து எனக்கு வராத பழக்கம் அது.

அம்மா வேலைக்காரர்களுக்கென்று விட்டிருந்த சர்வீஸ் லிஃப்டில் மேலே வந்தாள். கிளப் ஹவுஸுக்குள் அவள் நுழைவது இதுதான் முதல் முறை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, தரையில் நான் டேப் ஒட்டிக் காட்டிய இடத்தில் போய் நின்றாள்.

அந்த ஹாலில் வெளிச்சத்துக்கும் வெளிச்சத்துக்கும் அடிதடி. ஜன்னலில் நீலம், கூரையில் மஞ்சள். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் காமாலை பிடித்திருக்கும், இன்னொன்று குளிரில் விறைத்திருக்கும். திரையை இழுத்து மூடினேன். கூரை விளக்குகளை அணைத்தேன்.

இனி என் விளக்குகள் மட்டும்தான். அவையும் ஜோடி சேராதவை, கை மாறி வந்தவை. இடது பக்கம், வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ் மாட்டிய ஃப்ளாஷ். வலது பக்கம் ஒரு எல்இடி பேனல். அது லேசாகப் பச்சை அடிக்கும் என்பதால் அதன்மேல் ரோஸ் நிற ஜெல் தாள் ஒன்றைக் கிளிப் போட்டு மாட்டினேன். பின்னால், கல்யாண வீடியோக்காரர் ஒருவர் வேண்டாமென்று கொடுத்த ஹாலஜன் விளக்கு. அது தலைமுடியின் ஓரத்தில் மஞ்சளாக விழட்டும் என்று வேண்டுமென்றே வைத்தேன்.

ஃப்ளாஷை முழுசாக விட்டால் மற்ற இரண்டும் இருப்பதே தெரியாது. அதைக் குறைத்து, ஷட்டரை மெதுவாக்கினேன். இப்படி எடுக்கும்போது நிற்கிறவர் அசையவே கூடாது. அசைந்தால் ஓரமெல்லாம் கலங்கிவிடும்.

அம்மா அசையவில்லை. மணி அடித்துவிட்டு அடுத்தவர் வீட்டுக் கதவு திறக்கும்வரை நின்று பழகியவள்.

நிறம் சரிபார்க்க ஒரு சாம்பல் நிற அட்டையைக் கொடுத்து தாடைக்குக் கீழே பிடிக்கச் சொன்னேன்.

"போலீஸ்ல எடுக்கற மாதிரி கீதே" என்றாள்.

"சரி, அட்டைய கீழ வை. என்னைப் பாரு."

எடுத்தேன். செயலாளர் கேட்டபடி கேமராவைச் சுவரிலிருந்த பெரிய டிவியோடு இணைத்திருந்தேன். அதில் அம்மா வந்தாள். அவள் நிறம் கருப்பு கருப்பாகவே, வெளுக்காமல், பளபளவென்று இருந்தது. மூக்குத்தி மின்னியது. அவள் டிவி பக்கத்தில் போய் நின்று பார்த்தாள்.

"நானாடி இது?"

ஊரார் முகத்தையெல்லாம் எடுத்த நான் அம்மாவை ஒரு நாளும் இப்படி நிறுத்தி எடுத்ததில்லை. வெட்கமாக இருந்தது. அவள் கழுத்தில் தொங்கும் கேட் பாஸில் ஒரு படம் உண்டு. பேஸ்மென்ட்டில், டியூப்லைட்டுக்குக் கீழே, யாரோ மொபைலில் எடுத்தது. பிணத்தைப் போலப் பச்சையாக இருக்கும்.

பத்து மணிக்குக் குடும்பங்கள் பட்டுப்புடவையும் குர்த்தாவுமாக வந்தன. ஒரு பெண்மணி டிவியைப் பார்த்துவிட்டு ரவிசந்திரன் காதில் ஏதோ சொன்னார். அவர் சிரித்தபடியே என்னிடம் வந்தார்.

"லைட் சூப்பருங்க. அந்தப் படத்த மட்டும் டெலீட் பண்ணிருங்க. எல்லாரும் வந்ததும் முதல்ல அதப் பாத்தா நல்லாருக்காதுங்க. அப்பறம், வேலைக்காரங்க பாஸ் போட்டோவும் இன்னிக்கே முடிச்சுக் குடுத்துருங்க. பேஸ்மென்ட்லயே, மொபைல்ல எடுத்தாப் போதும்."

"முடியாது சார்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"இவங்க முகத்த வெச்சு சரி பண்ண வெளிச்சத்துலதான் நீங்க எல்லாரும் அழகா வரப்போறீங்க. இவங்க படம் மட்டும் எதுக்கு அழியணும்? அழிக்க மாட்டேன். பாஸ் போட்டோவும் இங்கதான் எடுப்பேன்."

"அப்ப பேக் பண்ணிக்குங்க. வேற ஆள் இல்லாமயா போயிரும்?"

அம்மாவைப் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிட்டு, அவ சின்னப் பொண்ணு சார் என்று கெஞ்சப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ கழுத்திலிருந்த பாஸைக் கழற்றி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"சார், இத ஒரு தபா பாருங்க. ஏழு வருஷமா வாட்ச்மேன் இதப் பாத்துட்டுதான் என்னை உள்ள உடறான். இது நானா? உங்க வூட்டுப் பாத்திரத்த தேய்க்கறது இந்த மூஞ்சியா?" டிவியைக் காட்டினாள். "அதோ, அதுதான் நான். எடுத்தது என் பொண்ணு."

ரவிசந்திரன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் அம்மா போய், குடும்பங்களுக்கென்று போட்டிருந்த வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்து, தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"ப்ரீத்தி, பாஸுக்கு ஒண்ணு எடு. அப்பறம் கீழ வேலை செய்யற நம்ம ஆளுங்களுக்கு போன் பண்ணு. வூட்டுக்காரங்க வர்ற பெரிய லிஃப்ட்லயே வரட்டும்."

மூன்று டவரும் போயிற்று. அவளுடைய நாலு வீடும் போகலாம். அது அவளுக்கும் தெரியும். எனக்கோ சந்தோஷம். கேமராவைத் தூக்கினேன்.

ரவிசந்திரன் விறுவிறுவென்று வந்து எல்இடி பேனலுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றார். அவர் நிழல் அவள் முகத்தில் பாதியை மூடியது.

"சார், வெளிச்சத்த மறைக்கறீங்க. தள்ளி நில்லுங்க" என்றேன்.

ஹாலில் அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தள்ளி நின்றார்.

அம்மா அசையாமல் இருந்தாள். எடுத்தேன்.