காலி பண்ணாத லாக்

டிஸ்க்கு தொண்ணூத்தாறு சதவீதம் ரொம்பிருச்சுன்னு ஸ்கிரீன்ல செவப்பா எரிஞ்சதும் மாதங்கி நாற்காலிய முன்னால இழுத்துப் போட்டு உக்காந்தா. கோவில்பட்டிக்காரி. டெல்லிக்கு வந்து கொஞ்ச மாசந்தான் ஆகுது. லேபுகளோட ரத்தப் பரிசோதன ரிப்போர்ட்டெல்லாம் சேத்து வைக்கிற கம்பெனில வேல, இன்னும் நிரந்தரமாகல. அன்னைக்குச் சாயங்காலந்தான் அதப் பத்திப் பேச மேனேஜர் ஸ்வப்னா கூப்பிட்டிருந்தா.

டேட்டாபேஸ் சர்வர் இருக்கு பாருங்க, அது தான் செய்யுற ஒவ்வொண்ணையும் ஒரு ஃபைல்ல எழுதிக்கிட்டே போகும். அதுதான் லாக். விட்டா அனுமார் வாலு மாதிரி நீளும். டிஸ்க்கு ரொம்புனா சர்வர் படுத்துரும். அதனால தெனமும் பழைய லாக சுருக்கிக் கட்டி ஓரமா வச்சிட்டு, புதுசு ஒண்ணு வைக்கணும். ஒரு வாரம் போனா பழச அழிச்சிரணும். இதுக்குப் பேரு லாக் ரொட்டேஷன். போன வாரம் மீட்டிங்ல "நான் செஞ்சிருதேன்"னு கையத் தூக்குனவ இவதான். செஞ்சும் முடிச்சா. வீட்டுக்குப் போனப் போட்டு பெருமையும் அடிச்சாச்சு.

இப்ப என்னன்னா, ஃபைலெல்லாம் சின்னதா இருக்கு, டிஸ்க்கு மட்டும் ரொம்பிக் கெடக்கு.

பக்கத்து சீட்டு அச்சுதன் எட்டிப் பாத்தான். டெல்லிலயே பொறந்து வளந்த தமிழன், பேச்சுல பாதி இந்திதான் வரும்.

"அரே, ரீஸ்டார்ட் பண்ணு, ஜல்தி! எல்லாம் டீக் ஆயிடும்."

"இந்த நேரத்துலயா? ஊரு பூரா ரத்தம் குடுத்துட்டு ரிப்போர்ட்டுக்கு உக்காந்திருக்கும். நிப்பாட்டுனா அம்புட்டு லேப் கவுண்டரும் நின்னுரும்லா?"

"ஃபுல் ஆனாலும் நிக்கும், மேடம்."

"நூறாகட்டும், அப்பம் பேசுவோம். சும்மா இருங்கண்ணே."

வாயி அப்படிச் சொல்லுச்சே ஒழிய, கண்ணு அந்தச் செவப்பு நம்பரையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. தொண்ணூத்தேழு ஆச்சு. புதுசா வச்ச லாக் ஃபைலத் தொறந்தா. ஒரு எழுத்து இல்ல, தொடச்சு வச்ச தட்டு மாதிரி இருந்துச்சு. சர்வர் என்ன எழுதாமயா இருக்கும்? இதுல எழுதலன்னா வேற எங்க எழுதுது?

அப்பத்தான் பொறி தட்டுச்சு. அச்சுதனப் பாத்து சிரிச்சா.

"அண்ணே, இது ஒங்க அப்பா கததான்!"

"கியா?"

அவனோட அப்பா சர்க்கார் வேலையில ரிட்டயர் ஆனவரு. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ்ல அவரு பேர்ப்பலகையக் கழட்டிட்டாங்க. ஆளு மட்டும் காலி பண்ணல. போன ஞாயித்துக்கெழம மாதங்கி சாப்பிடப் போனப்பக்கூட செவுத்துல ஆணி ஓட்ட மட்டுந்தான் இருந்துச்சு, உள்ள அவரு ஜம்முன்னு பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தாரு.

"பழைய லாக சுருக்கிட்டு அதோட பேர அழிச்சிட்டேன். சர்வர்ட்ட யாரு சொன்னா? அது இன்னும் அந்தப் பழசுக்குள்ளயே உக்காந்து எழுதிட்டுக் கெடக்கு. பேரு இல்லாததால நம்ம கண்ணுக்குத் தெரியல. எடம் மட்டும் அடைபட்டுக் கெடக்கு."

சர்வர் பிடிச்சு வச்சிருக்கிற ஃபைல்களத் தேடுனா. அந்தா இருக்கு, அழிச்ச பழைய லாக், யான மாதிரி. சர்வர நிறுத்தாம, 'பழச விடு, புதுசத் தொற'ன்னு ஒரே ஒரு உத்தரவு. அடிச்சா.

டிஸ்க்கு நாப்பத்தொண்ணுக்கு எறங்குச்சு.

அவ அதோட விடல. ஒவ்வொரு தடவ லாக் மாறும்போதும் அந்த உத்தரவு தானாப் போற மாதிரி ஒரு வரியச் சேத்தா. இப்பவே ஒருக்கா மாத்திப் பாத்தா. புதுசுல வரி வரியா எழுத்து விழ ஆரம்பிச்சப்புறந்தான் டீ குடிக்க எந்திரிச்சா.

சாயங்காலம் ஸ்வப்னா ரூமுக்குள்ள போனதும் இவளே ஆரம்பிச்சா. "மேம், ஒரு வரி விட்டுட்டேன், காலைல டிஸ்க்கு ரொம்பப் பாத்துச்சு. சரி பண்ணியாச்சு, ஓட்டியும் பாத்தாச்சு."

"ரீஸ்டார்ட் பண்ணுனியா?"

"இல்ல மேம்."

"அதானே, ஒரு கவுண்டர்லேந்தும் போன் வரல. மத்த ரெண்டு சர்வருக்கும் இத நீயே போட்டுரு. இனிமே மூணும் ஒன் பொறுப்பு."

"அப்ப... என் வேல, மேம்?"

"வேலைல இல்லாதவகிட்ட யாராவது சர்வரக் குடுப்பாங்களா? லெட்டர் நாளைக்கு வரும், போ."

வெளிய வந்தவ மொகத்தப் பாத்ததுமே அச்சுதனுக்குத் தெரிஞ்சு போச்சு. "பார்ட்டி எப்போ?"ன்னான். அப்புறம் பக்கத்துல வந்து, "அந்த ஆர்டர எங்கப்பாவுக்கும் கொஞ்சம் அனுப்பேன்"ன்னான்.

"அனுப்பிருவேன். புதுசு ஒண்ணு தயாரா இருந்தாத்தான அது பழச விடும்? மொதல்ல அவருக்கு ஒரு வீடு பாருங்கண்ணே."